பெற்றோல் மணம் தரும் எச்சரிக்கை

1948 தொடக்கம் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மொறிஸ் மைனர் கார்கள் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. அத்தகைய காரினுள் பெற்றோல் மணம் வீசினால், பழைய வண்டிதானே என்று சிலர் பொருட்படுத்துவதில்லை. அது பெருந்தவறு. பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. தாழ்ந்த இடங்களில் தங்குவது. காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு கலந்தாலே சிறு பொறியாலும் தீப்பற்றும்.

ஆதலின் முதலில் கதவுகளைத் திறந்து, வண்டியை வெளியே தள்ளி நிறுத்துதல் வேண்டும். தீக்குச்சி கொளுத்தித் தேடுதல் ஆகாது. பகல் வெளிச்சமே போதும்.

மணம் வரும் வேளையே காரணத்தைக் காட்டும். தாங்கி நிறைந்திருக்கையில் வளைவுகளில் மட்டும் மணந்தால், மூடியின் வளையமோ நிரப்புகுழாயின் இறப்பர் இணைப்போ பழுதாகியிருக்கலாம். அங்கே குறையில்லையெனில், ஆவி முற்றாக அகன்றபின், இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்க்கலாம். மின்பம்பி சிலமுறை 'டக் டக்' என்று ஒலித்து ஓய்தல் வேண்டும். ஓயாது ஒலித்தால் சாவியை உடனே மூடிவிட வேண்டும். குழாய் எங்கோ கசிகின்றது; அன்றேல் காபரேற்றரின் மிதவை ஊசி சரிவர மூடாமல் பெற்றோல் வழிகின்றது. ஊசியில் அழுக்கிருந்தால் துடைக்கலாம். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். வெடித்த இறப்பர்க் குழாயை நாடாவினாற் சுற்றுவது திருத்தமாகாது. புதிய குழாயே பொருத்தப்பட வேண்டும்.

திருத்திய வண்டியை ஓரிரவு மூடிவைத்து, காலையில் திறந்து முகர்ந்து பார்ப்பதே இறுதிச் சோதனை. வாசனைத் திரவியம் தெளித்து அம்மணத்தை மறைப்பவர், கள்வன் வந்தான் என்று கூவும் காவலனின் வாயைப் பொத்துபவராவார்.