பெற்றோல் முள்ளும் கார்க் கொப்பியும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பொத்துவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

விழா மேடையில் ஒரு வைத்தியர் எழுந்தால் சீனி வியாதி பற்றியோ பிரஷர் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நாம் பேசப்போவது பழைய காரின் பெற்றோல் முள்ளைப் பற்றி. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் பிள்ளை வலி கண்ட பெண்ணும், மூச்சு இழுக்கின்ற குழந்தையும், நெஞ்சைப் பிடித்துக்கொண்ட வாப்பாவும் நம் பகுதியில் எத்தனையோ தடவை வைத்தியசாலைக்கு வந்து சேர்வது யாரோ ஒருவருடைய பழைய காரில்தான். ஆகவே, அந்தக் காரில் எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்பதும் சுகாதாரம் சம்பந்தப்பட்ட கேள்விதான்.

நமது பாதையை நினைத்துப் பாருங்கள். ஏ-4 பாதையில் வடக்கே கோமாரி, தாண்டியடி, திருக்கோவில், தம்பிலுவில் தாண்டி அக்கரைப்பற்றை அடைய ஏறத்தாழ 45 கிலோமீற்றர். கல்முனைக்கு 70 அளவில் வரும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு 100ஐத் தாண்டும். மேற்கே லகுகல வழியாகச் சியம்பலாண்டுவைக்குப் போனால் காட்டுப் பாதை; பொழுதுபட்டால் யானை இறங்கும். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. நடுவழியில் கார் நின்றால், நடுச்சாமத்தில் யாருடைய கதவைத் தட்டுவது?

கார்களும் வயதானவை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய சன்னியையும் கொரோலாவையும் தட்டி நிமிர்த்தித்தான் ஓடினோம். இன்றும் பலருக்குப் புதிய கார் எட்டாத விலையில் இருக்கிறது. அந்தப் பழைய கார்களில் என்ஜின் ஓடும், பிரேக் பிடிக்கும், பெற்றோல் முள் மட்டும் தன்பாட்டில் நிற்கும்.

முள் ஏன் பொய் சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். பெற்றோல் தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஒரு கம்பிக் கையின் நுனியில் மாட்டியிருக்கும். பெற்றோல் குறையக் குறைய மிதவை இறங்கும். கை ஒரு தடைக் கம்பியின் மேல் உரசி நகரும். அதற்கேற்ப மின்னோட்டம் கூடும் அல்லது குறையும். முன்னால் உள்ள மானிக்குள் அந்த மின்னோட்டம் ஒரு சிறிய உலோகப் பட்டையைச் சூடாக்கும். பட்டை வளைய, முள் நகரும். சூட்டால் இயங்குவதால்தான் சாவி போட்டவுடன் முள் மெதுவாக எழும்புகிறது. அது நோயல்ல, அதன் சுபாவம். அரைவாசி வரை ஆறுதலாக இறங்கிவிட்டுப் பிறகு விறுவிறென்று இறங்குவதும் பல கார்களில் தாங்கியின் வடிவத்தால் வருவது.

நோய் எது? தடைக் கம்பி தேய்ந்தால் முள் துள்ளும். மிதவை ஓட்டையாகிப் பெற்றோல் புகுந்தால் அது மூழ்கிவிடும்; தாங்கி நிறைந்திருந்தாலும் முள் எழும்பாது. வயர் அறுந்தாலும், பெரும்பாலான பழைய ஜப்பானியக் கார்களில், முள் வெறுமையில் கிடக்கும். அதே வயர் தோல் உரிந்து காரின் உடம்பில் பட்டால் முள் நிறைவில் போய் நிற்கும். பெற்றோல் முள்ளும் என்ஜின் சூடு காட்டும் முள்ளும் ஒன்றாகவே கூடுதலாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவாக மின்னழுத்தத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சின்ன உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு அறிகுறிக்கு ஒரே காரணம் இருக்கலாம் என்பது எங்கள் தொழிலிலும் முதல் பாடம். கடற்கரையில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு: உப்புக் காற்று. காரின் உடம்போடு இணைகிற எர்த் வயரின் முனையில் துரு பிடித்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் முள் தடுமாறும். எனவே மீற்றரையே மாற்றச் சொல்லும் முன்னர், எர்த் முனையைச் சுத்தம் செய்து பார்க்கும்படி வயரிங் வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். பல கார்களில் தாங்கியின் அந்த உறுப்பை எட்டும் மூடி பின்சீட்டின் அடியிலோ டிக்கியின் தரையிலோ இருக்கும். பெற்றோல் ஆவி உள்ள இடம் என்பதால் அதை நாமே திறக்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பொய் சொல்லும் முள் இரண்டு வகை. ஒரு தராசு எப்போதும் 2 கிலோ கூடுதலாகக் காட்டினால், 2ஐக் கழித்துவிட்டு அதை வைத்தே காலம் தள்ளலாம். ஒரு நாள் 2 கூட, மறுநாள் 3 குறைய என்று காட்டினால் அந்தத் தராசைப் பார்க்கவே கூடாது. பெற்றோல் முள்ளும் அப்படித்தான். வெறுமைக்கு முன்பே வெறுமை காட்டுகிற முள் நம்மைப் பயமுறுத்தும், ஆனால் நடுவழியில் விடாது. அரைவாசியில் இறுகி நிற்கிற முள்தான் ஆளை ஏமாற்றும். பார்ப்பவருக்கு எந்தப் பயமும் வராது.

அப்படியானால் எதை நம்புவது? விடை நம் குசினியில் இருக்கிறது. 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு முள் இருக்கிறதா? இல்லை. ஆனாலும் நம் உம்மாமார் அடுப்பில் சோறு பாதியில் நிற்கும்படி விட்டதுண்டா? புது சிலிண்டர் மாட்டிய அன்று சுவர்க் கலண்டரில் ஒரு புள்ளடி. வழமையாக எத்தனை நாள் வரும் என்பது தெரியும். நோன்பு காலம் என்றால், விருந்தாளி வந்திருந்தால், சில நாள் கழித்துக்கொள்வார்கள். நாள் நெருங்கும்போது மற்ற சிலிண்டரை நிரப்பி வைப்பார்கள். முள் இல்லாமலே நடக்கிற இந்தக் கணக்கைக் காருக்கும் கொண்டுபோவதுதான் நாம் சொல்ல வந்த வழி.

செட்டில் பெற்றோலை நிறைய அடியுங்கள். பம்ப் தானாக நிற்கும்போது நிறுத்தி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அது இல்லையென்றால் கிலோமீற்றர் எண்ணை எழுதுங்கள். அடுத்த தடவையும் நிறைய அடித்து, ஓடிய கிலோமீற்றரை அடித்த லீற்றரால் வகுங்கள். 380 கிலோமீற்றர் ஓடி 32 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 12ஐ விடச் சற்றுக் குறைவு. ஏ.சி., சுமை, ஊருக்குள் நின்று நின்று ஓடுவது எல்லாம் இருப்பதால் கணக்குக்கு 10 என்று வைப்போம். தாங்கி 40 லீற்றர் கொள்ளும் என்றால் 400 கிலோமீற்றர். அதில் கால்வாசியை இல்லை என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைப்போமே, அதுபோல. ஆக, 300 ஓடியதும் முள் எங்கே நின்றாலும் செட்டுக்குப் போக வேண்டும். கிலோமீற்றர் மீற்றரும் பழுதென்றால் பயணங்களை எண்ணலாம்: கல்முனைக்கு ஒரு போய்வரவு ஏறத்தாழ 140.

இந்தக் கணக்கின் அருமையை 2022 நமக்குக் காட்டியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் ஒக்டேன் 92 பெற்றோல் ஜூன் முடிவில் 470 ஆனது. ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூ.ஆர். முறை வந்தது. ஓகஸ்டில் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. கணக்குப் போட்டுப் பாருங்கள்: லீற்றருக்கு 10 ஓடுகிற பழைய காரில் 20 லீற்றர் 200 கிலோமீற்றர். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பவே அது போதாது. அந்த வேளையில் "முள் அரைவாசி காட்டுகிறது, போகலாம்" என்ற பேச்சுக்கு என்ன பெறுமதி? தாங்கியை நிறைக்கவும் முடியாது என்பதால் அடித்த லீற்றரையும் ஓடிய தூரத்தையும் எழுதி வைத்தவர்களுக்கே தங்கள் கையிருப்புத் தெரிந்தது. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். நிறுத்தப்பட்டதோடு அந்தப் பழக்கத்தையும் பலர் விட்டுவிட்டோம்.

இதில் நம் பெண்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. பழைய காரின் குணம் பெரும்பாலும் வீட்டு ஆண் ஒருவருக்கே தெரிந்திருக்கும். "அந்த முள் அரைக்கு வந்தால் காலி என்று அர்த்தம்" என்பது அவருடைய மனதில் இருக்கும், வேறெங்கும் எழுதியிருக்காது. அவர் கட்டாருக்குப் போகிறார், அல்லது வயதாகிப் படுக்கையில் விழுகிறார், அல்லது இறைவனின் அழைப்பு வந்துவிடுகிறது. சாவி மனைவியின் கைக்கோ மகளின் கைக்கோ வருகிறது. முள்ளைப் பற்றிய அறிவு வருவதில்லை. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வருகிறது. அவள் சாவியைப் போடுகிறாள். முள் அரைவாசியில் நிற்கிறது. பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு புறப்படுகிறாள். லைசன்ஸ் இருக்கிறது, ஓட்டத் தெரிகிறது, துணிவும் இருக்கிறது. ஒரே ஒரு வசனத்தை யாரும் அவளிடம் சொல்லி வைக்கவில்லை.

அதனால்தான் ஒரு கொப்பி வேண்டும் என்கிறோம். பாடசாலைக் கொப்பி போதும், டாஷ்போர்டுக்குள் ஒரு பேனையோடு கிடக்கட்டும். முதல் பக்கத்தில் ஐந்து வரி: தாங்கி எத்தனை லீற்றர், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், நிறைய அடித்தால் முள் எங்கே நிற்கும், முடியும் தறுவாயில் எங்கே நிற்கும், சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியுமா எரியாதா. சில கார்களில் அந்த விளக்குக்குத் தனி உணரி இருப்பதால் முள் பொய் சொன்னாலும் விளக்கு உண்மை சொல்லும். உங்கள் காரில் எப்படி என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு தடவையும் திகதி, கிலோமீற்றர், லீற்றர். கார் கைமாறும்போது கொப்பியும் கைமாற வேண்டும்.

தோஹாவிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து இந்த மலரைப் படிக்கப்போகும் சகோதரிகளே, உங்கள் கார் புதிதாக இருக்கலாம். விடுமுறைக்கு வந்தால் நீங்கள் ஓட்டுவது வாப்பாவின் பழைய காரைத்தான். அடுத்த முறை ரெலிபோன் எடுக்கும்போது "காரில் பெற்றோல் இருக்கா வாப்பா?" என்று கேட்காதீர்கள். "இருக்கு மகள்" என்றுதான் பதில் வரும். "கடைசியாக எப்போது அடித்தீர்கள், அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியது?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்களே அந்த முதல் பக்கத்தை எழுதிவிடலாம்.

வைத்தியராகச் சில வார்த்தைகள். அளவு தெரியவில்லை என்று தாங்கியின் வாயருகே நெருப்புக்குச்சியையோ லைட்டரையோ கொண்டுபோகாதீர்கள். குழாய் வைத்து வாயால் பெற்றோல் உறிஞ்சாதீர்கள். துளி சுவாசப்பைக்குள் போனாலும் கடுமையான நிமோனியா வரலாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். அவசரத்துக்கென்று சோடாப் போத்தலில் பெற்றோல் வைக்காதீர்கள்; தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடிக்கும். டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் முற்றாகத் தீர விடாதீர்கள். குழாயில் காற்றுப் புகுந்தால் டீசல் ஊற்றினாலும் காற்றை எடுக்கும்வரை பல வாகனங்கள் ஸ்டார்ட் ஆகா. ஆபத்தான நோயாளி என்றால் முதலில் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். அது வரும்வரை காத்திருப்பதா, சொந்தக் காரில் புறப்படுவதா என்று முடிவெடுக்கவும் காரில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

இந்தப் பாடசாலையில் நாம் கற்ற வாய்ப்பாடு இதற்குப் போதும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் மெக்கானிக்கிடம் தலைகுனிந்து நிற்கத் தேவையில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் காரில் ஒரு கொப்பியை வையுங்கள். நாளை செட்டில் அடிக்கும்போது முதல் வரியை எழுதுங்கள். கார் இல்லாத சகோதரிகள், அவசரத்துக்குக் கூப்பிடுகிற ஓட்டோக்காரரிடமும் இரவில் எவ்வளவு பெற்றோல் வைத்திருப்பார் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

நமது பாடசாலைக்கும், அங்கே நமக்குக் கற்பித்து மறைந்தவர்களுக்கும், இன்று படிக்கின்ற பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அருள்புரிவானாக.