பாலர் பள்ளியும் ஜில்லாத் தேர்ச்சிக் கணக்கும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மூன்று வயதுக் குழந்தையை எவ்விடத்திற் சேர்ப்பது என்பதைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். இஃது அற்ப விஷயமென நினையற்க. நம் கல்வி நிதிக்கு வரும் கடன் விண்ணப்பங்களுள் முன்பெல்லாம் கலாசாலைப் படிப்பிற்கென வந்தனவே மிகுதி. இப்பொழுது எல். கே. ஜி. சம்பளத்திற்கென வருவனவும் பெருகிவிட்டன. கைவளையை அடகு வைத்தது போதாமல் இங்கே வந்து நிற்கும் தாய்மாரும் உளர்.

பெற்றோர் கையிற் கிடைக்கும் அளவுகோல் யாது? வருஷந்தோறும் மே மாதத்தில் பரீக்ஷை முடிவோடு ஜில்லா வாரியாகத் தேர்ச்சி வீதம் பத்திரிகைகளில் வெளிவருகின்றது. அதனைக் கண்டு, 'அந்த ஜில்லாவிற்கு மாற்றல் கேட்கலாமா?' என்று என்னை வினவிய உத்தியோகஸ்தர் பலர். பத்தாம் வகுப்பில் 2023-இல் பெரம்பலூரும், 2024-இல் அரியலூரும், 2025-இல் சிவகங்கையும் முதலிடம் பெற்றன. பன்னிரண்டாம் வகுப்பில் அதே வருஷங்களில் முறையே விருதுநகர், திருப்பூர், அரியலூர் முதலில் நின்றன. ஓராண்டிற்குள் ஒரு ஜில்லாவின் ஆசிரியரெல்லாம் மாறிவிட்டனரோ? இல்லை. 2024-இல் பத்தாம் வகுப்பில் முதலில் நின்ற அரியலூருக்கு நூற்றுக்கு 97.31, அடுத்து நின்ற சிவகங்கைக்கு 97.02. ஆயிரம் பிள்ளைகளுக்கு மூவர் வித்தியாசம்! இதற்காகவா ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் போவது?

மற்றொன்றும் உண்டு. அவ்வீதம் பரீக்ஷை எழுதியவரைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஒன்பதாம் வகுப்பிலேயே நின்று வேலைக்குப் போனவனும், பெயர் பதிந்தும் பரீக்ஷைக்கு வாராதவனும் அக்கணக்கில் இல்லை. அன்றியும், இன்று மூன்று வயதான குழந்தை பத்தாம் வகுப்பெழுதப் பன்னிரண்டு வருஷமாகும். பத்திரிகையில் நாம் காண்பது பன்னிரண்டு வருஷத்திற்கு முன் விதைத்ததன் விளைவு. அதனைக்கொண்டு இன்றைய நாற்றங்காலை மதிப்பிடுதல் எவ்வாறு பொருந்தும்?

நாற்றங்கால் நம் தெருவிலேயே இருக்கின்றது. பால்வாடியென்று நாம் எளிமையாகச் சொல்லும் அங்கன்வாடி, 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தது. மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு உணவோடு முன்பருவக் கல்வியும் அளிப்பது அதன் கடமை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல். கே. ஜி., யு. கே. ஜி. வகுப்புகளும் தொடங்கப்பெற்றன. எனினும் 'அது சோறு போடுமிடம்' என்னும் சொல் நம்மவரிடையே மாறவில்லை. அச்சொல்லில் உண்மை சிறிதும் இல்லையென்று யான் கூறேன்.

ஏன் அவ்வாறாயிற்று என்பதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்துள்ளது. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார நூலோர் மூவர் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையிற் பாதியைத் தெரிந்து, அவற்றிற்கு அரைநாட் பணியாளர் ஒருவரை மட்டும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தனர். அவ்வாராய்ச்சி 2021-இல் வெளிவந்தது. புதிய கட்டடமில்லை, வர்ணம் பூசிய நாற்காலியுமில்லை. குழந்தைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இரட்டித்தது. பதினெட்டு மாதங்களுக்குப் பின் அக்குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் மற்றவரினும் தெளிவாக மேம்பட்டு நின்றனர். வயதிற்கேற்ற உயரமின்மையும் கடும் மெலிவும்கூடக் குறைந்தன.

இதிலிருந்து விளங்குவதென்ன? குறை அங்குள்ள அம்மையாரின் சிரத்தையில் அன்று. எடை பார்த்தல், பதிவேடு எழுதுதல், கர்ப்பிணிகளை வீடுசென்று காணல், சத்துமாவு வழங்கல் ஆகிய அனைத்தும் ஒருவர் தலையில். எஞ்சிய நேரமே குழந்தைக்கு. ஆதலின் அங்கன்வாடியாயினும், ஆயிரமாயிரமாய்ச் சம்பளம் வாங்கும் நர்சரியாயினும், கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: குழந்தையோடு ஒருவர் முகங்கொடுத்துப் பேசும் நேரம் ஒரு நாளைக்கு எவ்வளவு?

இதனை அறிய ஒரு முற்பகல் போதும். அங்குள்ளாரிடம் சொல்லிவிட்டு ஒரு மூலையில் அமருங்கள். பாட்டு நடக்கிறதா, கதை நடக்கிறதா, புளியங்கொட்டையை வைத்து எண்ணப் பழக்குகிறார்களா, பேசாத குழந்தையைப் பேசவைக்க எவரேனும் முயல்கிறார்களா எனப் பாருங்கள். மூன்று வயதில் நோட்டு நோட்டாக எழுதவைக்கும் இடத்தைக் கண்டு மயங்கவேண்டா. ஆறாம் வகுப்பில் என்னிடம் வரும் மாணாக்கருள், எழுத்தை அழகாக வரைந்தும் வாசித்ததற்குப் பொருள் சொல்ல இயலாதார் ஆண்டுதோறும் உளர். கை பழகிற்று, காதும் நாவும் பழகவில்லை. தாய்மொழியிற் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை பின்னர் இங்கிலீஷையும் விரைவிற் பற்றிக்கொள்கிறான் என்பது என் அநுபவம்.

தனியார் பள்ளியே வேண்டுமென்பார்க்கு ஒரு வார்த்தை. 2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டப்படி, சிறுபான்மையோர் நடத்துவன நீங்கலாக ஏனைத் தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கிலொரு பங்கு இடத்தை எளியோர் குழந்தைகளுக்குச் சம்பளமின்றி ஒதுக்கவேண்டும். கடன் கேட்குமுன் அதனை விசாரித்தீர்களா?

நிதிக் குழுவார்க்கு ஒரு விண்ணப்பம். எல். கே. ஜி.க்கெனக் கடன் கேட்போர், தம் தெரு அங்கன்வாடியில் ஒரு முற்பகல் இருந்து, கண்டதை ஒரு தாளில் எழுதித் தருக. அங்கே பாடம் நடவாதாயின் கடனைத் தடையின்றிக் கொடுப்போம். அத்தாளின் பிரதியொன்றைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்க்கும் அனுப்பிக் கூடுதல் ஆள் கேட்போம். எழுத இயலாத தாய்மார் வாயாற் சொன்னால் எழுதித் தருவதற்கு, யானும் என் மாணாக்கர் இருவரும் ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் சங்கக் கட்டடத்தில் இருப்போம்.