மெலிந்த தோளும் பருத்த வயிறும்

(சதுரங்கப்பட்டினத்தில் இளையோரிடையே ஆற்றிய உரை)



இவ்வூர் நெசவாளர் கைத்திறனை விழைந்து 17ஆம் நூற்றாண்டில் கடல்கடந்து வந்த ஒல்லாந்தர் கட்டிய கோட்டை அதோ நிற்கின்றது. அன்று நம் துணி கப்பலேறிற்று. இன்று நம் கரையில் இறங்கும் மீன் கூடையேறிப் போகின்றது. அதை விற்ற காசில் பொரித்த மாவும், உறையிலிட்ட நொறுக்குத் தீனியும் நம் வீட்டுக்கு வருகின்றன.

"என் பிள்ளை ஒல்லியாகத்தானே இருக்கின்றான், அவனுக்கேது கொழுப்பு?" என்று தாய்மார்கள் கேட்கின்றீர்கள். இங்கேதான் ஏமாறுகின்றோம். புனே மருத்துவர் யாச்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தம் உடல்களையே அளந்து வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் எண் இருவர்க்கும் ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ வெள்ளையர்க்கு 9.1 விழுக்காடு, இந்நாட்டவர்க்கு 21.2 விழுக்காடு! முன்னவர் நெடுந்தொலைவு ஓடுபவர்; பின்னவர் மின்தூக்கிக் கதவு மூடுமுன் நுழைவதற்கே ஓடுபவர். இதையும் அவர்களே நகைப்போடு எழுதிவிட்டனர்!

எனினும் ஓட்டம் மட்டுமே கரணியமன்று. புனேயை அடுத்த சிற்றூர்க் குழந்தைகள் பிறக்கும்போது ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைந்திருந்தது; தோலடிக் கொழுப்போ அவ்வளவு குறையவில்லை. தாயின் உணவிலேயே கணக்குத் தொடங்கிவிடுகின்றது. வளர்ந்த ஆசியர்க்கு 25 வரை காத்திராமல் 23-இலேயே விழிப்பு வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநரும் 2004-இல் உரைத்தனர்.

வயிறு நிறைந்தால் போதும் என்பது பஞ்சக் காலத்துக் கணக்கு. மலைபோல் வெள்ளரிசிச் சோறு, அதன்மேல் சிறிது குழம்பு, ஓரத்தில் ஒரு துண்டு மீன். இதுவே நம் தட்டு. தசை வளர்க்கும் புரதம் குறைந்து மாவுப்பொருள் மிகுந்தால், உழைப்பில் செலவாகாத மிகுதி கொழுப்பாய்த் தங்கும். இதன்மேல் 300 மில்லி இனிப்புக் குளிர்நீர் என்றால், அதில் ஏறத்தாழ 30 கிராம் சருக்கரை. பசியும் தணிவதில்லை. தவிடு நீக்கிய வெண்மாவுப் பரோட்டாவைப் பெயர் அயலது என்பதற்காக நான் கடியவில்லை. நம் இட்டலியையே ஒருவேளைக்குப் பத்துத் தின்றாலும் கதை அதுதான்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைப் பெண்களுள் மிகுஎடையினர் 2015-16 குடும்பநலக் கணக்கெடுப்பில் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4. நான்கைந்து ஆண்டுக்குள் இவ்வளவு!

வஞ்சிரம் விலைக்குப் போகட்டும்; தடுக்கவில்லை. நெத்திலியும் மத்தியும் ஊட்டத்தில் அதற்கு இளைத்தவையல்ல. நெத்திலியை முள்ளோடு உண்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணமும் கிடைக்கும். கூடை புறப்படுமுன் இரண்டு கைப்பிடி வீட்டுக்கென எடுத்து வையுங்கள், தாய்மார்களே! பொரிக்க வேண்டா, குழம்பிலிடுங்கள். முதலில் பெண்பிள்ளையின் தட்டில் இடுங்கள்.