செம்பனைத் தோட்டத்துக் குளவி

கிள்ளானிலிருந்து பந்திங் பக்கமோ கோலசிலாங்கூர் பக்கமோ போகிறவர்கள், செம்பனைத் தோட்டங்களின் ஓரத்தில் ஒரு பூச்செடி வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிறிய இதழ், நடுவில் கரும்பொட்டு. மலாய்க்காரர்கள் 'பூங்ஙா புக்குல் லாப்பான்' என்கிறார்கள். காலை எட்டு மணி வாக்கில் மலரும், உச்சிவேளையில் சுருங்கிவிடும். அழகுக்கு நட்டதென்று நினைத்துவிடாதீர்கள். அது குளவிக்கு வைத்த சாப்பாடு.

செம்பனைக்குப் பெரிய தொல்லை 'ஊலாட் பூங்குஸ்', அதாவது பைப்புழு. ஓலைத் துணுக்குகளைத் தன் நூலால் ஒட்டிப் பை செய்துகொள்ளும். அதற்குள் குடியிருந்தபடி தலையை மட்டும் நீட்டி ஓலையைச் சுரண்டித் தின்னும். ஆண் மட்டும் அந்துப்பூச்சியாகிப் பறக்கும். பெண்ணுக்கு இறக்கையே இல்லை, முட்டையிடுவதும் பைக்குள்தான்.

இவ்வளவு பத்திரமாக இருக்கும் புழுவையும் விடாத குளவி ஒன்று உண்டு. பெயர் டோலிக்கோஜெனிடியா மெட்டேசே. சில மில்லிமீட்டர் நீளம்தான். நம்மைக் கொட்ட வராது. ஊசி போன்ற உறுப்பால் புழுவின் உடம்புக்குள் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். குளவிக்குஞ்சு உள்ளிருந்தே தின்று வளரும், பைப்புழு சாகும். இந்தக் குளவியின் குஞ்சைத் தின்று வளரும் வேறு குளவிகளும் இருக்கின்றன. தோட்டத்தில் கங்காணிக்கு மேல் கிராணி இருந்தாரே, அதுபோலத்தான்!

1950களின் பிற்பாதியில், பட்டதையெல்லாம் கொல்லும் மருந்துகளைச் செம்பனைக்கு அடித்தார்கள். புழு ஒழியவில்லை, பெருகியது. பிரையன் உட் என்ற பூச்சியியலாளர் காரணத்தைக் கண்டு சொன்னார்: வெளியே பறந்த குளவிகள் செத்தன, பைக்குள் கிடந்த புழுக்களில் பல தப்பின. கண்டபடி மருந்தடிப்பதை நிறுத்திய இடங்களில் புழு தானாக அடங்கியது. மலேசியச் செம்பனைப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1968இல் வந்தது. காசு கொடுத்து நஞ்சு வாங்கி, சம்பளமில்லாத காவல்காரனைக் கொன்ற கதை இது.

வளர்ந்த குளவி புழு தின்னாது, அதற்குத் தேன் வேண்டும். அந்தப் பூச்செடியின் இலையடியைத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேரும் இடத்தில் சின்னக் கிண்ணம்போல் இரண்டு சுரப்பிகள் இருக்கும். பூ மூடிய பிறகும் அவற்றில் தேன் கசியும். தேன் குடித்த குளவி கூடுதல் நாள் உயிரோடிருக்கும், கூடுதல் புழுக்களைத் தேடிப் போகும்.

பூச்செடி மட்டும் போதுமா? போதாது. 2013இல் அரசாங்கம் பைப்புழுவை ஆபத்தான பூச்சியாக அரசிதழில் அறிவித்தது. புழு மிஞ்சிப்போனால், புழுக்களைக் கொன்று குளவியை விட்டுவைக்கும் பாக்டீரியா மருந்தை அடிக்கிறார்கள். ஆனால் களைக்கொல்லி அடிக்கும்போது தோட்டத்தோரப் பூச்செடிக்கும் சேர்த்து அடித்துவிட்டால் குளவி பட்டினிதான். தோட்ட வேலையில் இருக்கும் நேயர்கள் பம்பின் வாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.