முதல் செலவு யாருடையது?

(விம்கோ நகரில் நடந்த முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



'கட்டடப் பொறியாளனுக்குக் கிருமி ஆராய்ச்சியில் என்னப்பா வேலை?' என்பீர்கள். நான் பேச வந்தது பணத்தைப் பற்றி.

1986. இந்தியாவுக்கு எய்ட்ஸ் வராது என்று பலரும் நம்பிய நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் அதைத் தேடச் சொன்னார். இரவல் கருவிகளோடு சின்ன ஆய்வகம். மாதிரிகளை வைக்க நிர்மலா வீட்டு ஃப்ரிட்ஜ். ஐஸ் பெட்டியில் வேலூர் சி.எம்.சி.க்குப் போன மாதிரிகளில் ஆறில் எச்.ஐ.வி. தெரிந்தது. நாட்டில் அந்நோய் இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது இப்படித்தான்.

ஆனா, எல்லா மாணவருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் கைகொடுக்குமா? புது நோயைத் தேடுகிறவர் கையில் ஆரம்பத்தில் முடிவு இருக்காது. முடிவைக் காட்டாமல் பெரிய மானியம் கிடைப்பது கஷ்டம். அந்த முதல் செலவுக்குத்தான் விதைப் பணம்.

2020-இல் கொரோனாவின் தடயத்தைச் சென்னைக் கழிவுநீரிலேயே கண்டார்கள். மழைத்தண்ணீர் தேங்கும் நம்ம பகுதியில் மாணவர்கள் தேட வேண்டியது எவ்வளவோ இருக்கு.

கட்டடத்துக்கு முன்னால் மண் பரிசோதனை செய்கிறோம். மண் சரியில்லைன்னு தெரிந்தால் அந்தக் காசு வீணா? வீடு தப்பிச்சுது!

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டு விருந்துச் செலவில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். நிபந்தனை இரண்டே. தகுந்த ஆய்வகத்தில், வழிகாட்டியோடு வேலை நடக்கணும். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றாலும் அதை எழுதிக் கொடுக்கணும்.

சாப்பாட்டில் ஒரு இனிப்பு குறையலாம்; பொறுத்துக்கொள்வோம்.