பேரம் பேசுறவரைக் கண்டு பயம் வேண்டாம்

வீட்டில் இருக்கும் விக்டோரியா வெள்ளி ரூபாயை இணையத்தில் விற்கப் போறீங்களா? அதன் எடை 11.66 கிராம், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து, அதுக்குக் கீழே இறங்க மாட்டேன்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. "பாதி விலைக்குத் தருவீங்களா?"ன்னு கேட்பாங்க. கேட்கட்டும், கோபம் எதுக்கு? உங்க விலையை ஒருமுறை சொல்லிட்டு நிறுத்துங்க. பேரம் பேசுறவர் பெரும்பாலும் வாங்க வந்தவர்தான்.

பேரமே பேசாமல், "பத்து லட்சம் தர்றோம், முதல்ல ரிசர்வ் வங்கிக் கட்டணத்தைக் கட்டுங்க" என்பவரிடம்தான் உஷாரா இருக்கணும். பழைய நாணய விற்பனைக்குக் கட்டணமோ கமிஷனோ தாங்கள் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் எண்ணும் தேவையில்லை. பணம் போயிட்டா வெட்கப்படாம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.