பன்றிச் சினைப்படுத்தலிற் காலமும் வெப்பமும்

கொழும்பிலிருந்து புத்தளம் வரை செல்லும் மேற்குக் கரையோரம் இலங்கையிற் பன்றி வளர்ப்புக்குப் பேர்பெற்ற பகுதியாகும். நாலைந்து பெண் பன்றிகளை மட்டும் வளர்ப்பவருக்கு, நல்லின ஆண் பன்றி ஒன்றுக்குத் தனியே தீனியிடுவது பெருஞ்சுமை. பிறரிடம் இரவல் பெற்றாலோ, அதனுடன் நோயும் பட்டிக்குள் நுழையலாம். இவ்விரு தொல்லைகளையும் தவிர்க்க உதவுவது செயற்கை முறைச் சினைப்படுத்தல். நோயற்றதெனச் சோதித்தறிந்த ஆண் பன்றியிடம் ஒருமுறை பெறும் விந்து, உரிய கரைசலுடன் கலந்து பகிரப்படின், பத்துக்கு மேற்பட்ட பெண் பன்றிகளுக்குப் போதுமானது.

ஆயினும், “ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை” என்ற மனக்குறை எழுவதுண்டு. பெரும்பாலும் குற்றம் முறையில் அன்று. வெப்பத்தையும் காலத்தையும் பேணாமையிலேயே உள்ளது.

பசுவுக்குரிய விந்தை உறையவைத்து ஆண்டுக்கணக்கிற் காக்கலாம். பன்றியின் விந்தணுவோ கடுங்குளிரைத் தாங்காது. ஆதலின் அது திரவமாகவே 15 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைக்கப்படுகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகைக் குளிரும் அதற்குக் கேடு. வெயிலிற் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுசெல்வதும் கேடு. வெப்பம் புகாத பெட்டியில், நிழலிற் கொண்டுசென்று, குறித்த நாட்களுக்குள் பயன்படுத்தல் வேண்டும்.

இனி, காலம். பெண் பன்றிக்கு ஏறக்குறைய 21 நாட்களுக்கொருமுறை வேட்கை உண்டாகி, இரண்டு அல்லது மூன்று நாட்கள் நிலைக்கும். அக்காலத்தின் மூன்றில் இரு பங்கு கழியும் வேளையிலேயே சூல்கள் வெளிப்படும். ஆகவே, காலையும் மாலையும் முதுகை அழுத்திப் பார்த்தல் வேண்டும். விலகாது, செவி நிமிர்த்தி, அசையாமல் நின்றால் அதுவே வேட்கையின் உறுதியான அடையாளம். அது கண்டு அரை நாள் கழித்து முதன்முறையும், அதன்பின் ஒரு நாளுக்குள் மறுமுறையும் விந்து செலுத்தப்படுதல் நன்று. குறியைத் துடைத்துத் தூய்மையாக்கி, குழாயை மெல்லச் செலுத்தி, விந்து தானாக உள்ளிறங்கும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் அது வெளியே வழிந்து வீணாகும்.

ஒருமுறை தவறினால் அடுத்த வேட்கை வரை 21 நாள் தீனி நட்டம். தவறாது சினை பிடித்தாலோ, ஏறக்குறைய 114 நாட்களிற் குட்டிகள் பிறக்கும். சிறு வளர்ப்பாளரின் இலாபமும் நட்டமும் இந்தச் சில மணி நேரக் கவனத்திலேயே தங்கியுள்ளன.